இந்தப் படகுக்கு யார் பொறுப்பு?

"ரம்பத்தைக் கீழ வைடா."

சேவுகன் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. படகின் மேல்தட்டில் காலை அகட்டி நின்றபடி, கீழே மணலில் நின்ற ராக்கனைப் பார்த்துச் சொன்னான். ராக்கன் என்ஜின் பிரிவில் ஃபிட்டர். கையில் இருந்ததோ தச்சுப் பிரிவு ரம்பம். அதை எடுத்தது பெரிய தப்பா, அதைக் கொண்டு மேல்தட்டை அறுக்க வந்தது பெரிய தப்பா என்று அவனுக்கே விளங்கவில்லை.

"சின்னவருதாங்க எடுத்தாரச் சொன்னாரு."

"சின்னவரு சொன்னா அவரு கொட்டகையில போயி எதையாச்சும் அறு. இது என் வேலை."

கொஞ்ச தூரத்தில் என்ஜின் கொட்டகை வாசலில் முத்துராமன் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் சொன்னது அவன் காதில் விழுந்தது. ஆனாலும் ராக்கனிடம்தான் பேசினான்.

"ராக்கா, சாயங்காலம் மீன்வளத்துறை என்ஜினீயர் வாராரு. என்ஜின் தரையில கெடந்தா நல்லா இருக்காது. மேல மூடியாச்சு, அறுக்காம எப்படி எறக்குறதுன்னு அவுங்களையே கேளு."

"என்ஜின் வாரதுக்குள்ள மூடிட்டேனா, மூடினதுக்கப்புறம் என்ஜின் வந்துச்சான்னு நீயும் கேளு" என்றான் சேவுகன்.

ராக்கன் யாரையும் கேட்கவில்லை. ரம்பத்தை மணலில் வைத்துவிட்டு பீடியைத் தேடினான்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இந்த வழக்கு புதிதில்லை. இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஜெகதாப்பட்டினம் கரையில் இருக்கும் இந்தப் படகுப் பட்டறை அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பாவான பெரியண்ணனுடையது. அறந்தாங்கியில் மரக்கடை வைத்திருந்தவர், என்ஜின் படகுகளுக்கு அரசாங்கம் உதவி கொடுக்க ஆரம்பித்தவுடன் துணிந்து கடற்கரைக்கு வந்தார். மூத்தவன் சேவுகனுக்கு மரவேலை. இளையவன் முத்துராமனுக்கு என்ஜின். மகள் பிரகதாம்பாளைக் கட்டிய ஆத்மநாதனுக்குப் படம் வரையும் ஆபீஸ். ஆளுக்கொரு பிரிவு, ஆளுக்கொரு கொட்டகை.

போன பருவத்தில் கோட்டைப்பட்டினத்துக்குப் போன படகு ஒன்று புகைந்துகொண்டே கரைக்குத் திரும்பியது. என்ஜினின் புகைக்குழாய் பக்கத்து மரத்தைச் சுட்டுக் கரியாக்கியிருந்தது. மரம் குழாய்க்குக் கிட்டே வந்ததா, குழாய் மரத்துக்குக் கிட்டே வந்ததா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அண்ணன் தம்பி பேச்சு மட்டும் அன்றோடு நின்றது.

*

ஆத்மநாதனின் ஆபீஸ் கொட்டகைகளிலிருந்து தள்ளி, மேட்டின் மேல் ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. மணல் காற்று உள்ளே வராதபடி கண்ணாடி ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அந்த ஜன்னல் வழியே பார்த்தால் கீழே நடப்பது எல்லாம் தெரியும். சத்தம் மட்டும் கேட்காது.

பிரகதாம்பாள் மேஜை மேல் குனிந்து, மெழுகு போல வழவழத்த துணியில் படம் ஒன்றைப் படியெடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்தவளுக்கு இந்த வேலையைப் பழக்கியவன் புருஷன்தான். இப்போது அவன் வரைவதைவிட அவள் படியெடுப்பது சுத்தமாக இருக்கும்.

"கீழ என்னமோ நடக்குது" என்றாள் தலை நிமிராமலே.

"தெரியுது." ஆத்மநாதன் ஜன்னலருகே நின்றான். "மேல்தட்டை மூடிட்டு, அப்புறம் அறுத்து என்ஜினை எறக்குறது. முந்தின படகுக்கும் இதேதான் செஞ்சோம். இனிமேயும் இதேதான் செய்வோம்."

"அப்பாகிட்ட காட்டினீங்களே, அந்தப் படத்தை எனக்கும் ஒருதரம் காட்டுங்க."

அவன் பெரிய தாள் ஒன்றை விரித்தான். இதுவரை இந்த ஆபீஸில் இல்லாத மாதிரிப் படம். ஒரே தாளில் மரம், என்ஜின், குழாய், விளக்குக் கம்பி எல்லாம் இருந்தன. ஆனால் படகில் பாதிதான் இருந்தது.

"விசாகப்பட்டினத்துல நான் வேலை பாத்தப்பவே பேச ஆரம்பிச்சுட்டாங்க. இரும்புக் கப்பலைத் துண்டு துண்டா செஞ்சு, ஒவ்வொரு துண்டுக்குள்ளயும் குழாய், மிஷின் எல்லாத்தையும் வச்சு முடிச்சுட்டு, அப்புறமா கோக்குறது. மரப் படகைத் துண்டாக்க முடியாது. ஆனா வேலையைப் பிரிக்கலாம்ல. மூக்குல இருக்குற அணியத்துலேருந்து மீன் போடுற அறை வரைக்கும் முன்பகுதி. என்ஜின் அறையும் சுக்கானும் பின்பகுதி. பின்பகுதியில வேலை செய்யுற தச்சனும் ஃபிட்டரும் இந்த ஒரே தாளைப் பாப்பாங்க. ஒரே ஆளுக்குக் கீழ நிப்பாங்க. தட்டை மூடுறதுக்கு முன்னாலயே என்ஜின் உள்ள ஒக்காந்திருக்கும்."

பிரகதாம்பாள் தாளை நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல எங்கண்ணன் எங்க இருக்கு?"

"ஒரு பகுதிக்குப் பொறுப்பு."

"தம்பி?"

"இன்னொரு பகுதிக்கு."

"இன்னிக்கு மரம்னா எல்லா மரமும் அண்ணனோடது. என்ஜின்னா எல்லா என்ஜினும் தம்பியோடது. நீங்க முழுசை வாங்கிக்கிட்டு ஆளுக்குப் பாதியைக் கையில குடுக்குறீங்க."

"வேலைக்கு அதுதான் சரி பிரகதா."

"வேலைக்குச் சரிதாங்க. நான் இல்லேங்கல." அவள் பேனாவைத் துடைத்து வைத்தாள். "அப்பா இன்னும் அவுங்களுக்கு நிலத்தைப் பிரிக்கல, வீட்டைப் பிரிக்கல. பட்டறையைத்தான் பிரிச்சுக் குடுத்திருக்காரு. அவுங்க அதைச் சொத்தாத்தான் நெனைக்கிறாங்க. அதைத் திருப்பிக் குடுன்னு யாரு கேக்குறது?"

ஆத்மநாதன் தாளைச் சுருட்டினான். பின்சுவரில் மூன்று அலமாரிகள் இருந்தன. தச்சு, என்ஜின், குழாயும் விளக்கும் என்று அவன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தான். புதுத் தாளை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் மேஜை மேலேயே வைத்தான்.

*

மதியம் பிரகதாம்பாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். சேவுகன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். மதினி செவந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். நாத்தனார் வந்த முகத்தைப் பார்த்ததும் செவந்தி குழம்புச் சட்டியை அருகில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"சாப்பிடுறியா ஆத்தா?"

"சாப்பிட்டுத்தாண்ணே வந்தேன்."

சேவுகன் இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு அவனே ஆரம்பித்தான்.

"அந்தத் தட்டுக்குப் பலகையெல்லாம் நானே பாத்துப் பொறுக்கினது. பலகைச் சந்துல பஞ்சு வச்சுக் கலப்பத்து அடிச்சு, தண்ணி ஊத்திப் பாத்து, மறுபடியும் அடிச்சது. அதை அறுத்துட்டு ஒட்டுப் போடலாம். பாக்குறதுக்குத் தெரியாது. ஆனா தண்ணிக்குத் தெரியும்."

"என்ஜின் லேட்டாகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அவன்."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

சேவுகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

"மாப்ள ஏதோ காயிதத்துல பட்டறையைப் பங்கு போடுறாராம்ல."

"பங்கு போடலண்ணே. சேக்குறாரு."

"சேக்குறதுன்னா நடுவுல இருக்குற சுவரை இடிக்கணும். அந்தச் சுவத்துலதான் நான் சாஞ்சு நிக்கிறேன்." அவன் குரலில் கோபம் இல்லை. "எனக்குப் படிப்பு கெடையாது. முத்துராமன் திருச்சியில போயிப் படிச்சவன். மாப்ள கப்பல் கட்டுற எடத்துல இருந்தவரு. மரம்னா மட்டும்தான் நான் சொல்றதைக் கேட்டு எல்லாரும் கம்முன்னு இருக்காங்க. அதுலயும் பாதி போச்சுன்னா, ரெண்டு படிச்ச ஆளுக்கு நடுவுல நான் யாரு?"

பிரகதாம்பாளுக்குக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்து பார்த்தபோது அண்ணனிடம் பிடிவாதம்தான் தெரிந்தது. பயம் இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

"பெரியவரே."

வாசலில் ராக்கன் மூச்சு வாங்க நின்றான். "என்ஜின் தொங்குதுங்க. சின்னவரு உள்ள மாட்டிக்கிட்டாரு."

சேவுகன் கை கழுவவில்லை.

*

அண்ணன் சாப்பிடப் போன நேரம் பார்த்து முத்துராமன் மேல்தட்டை அறுத்துவிட்டான். முக்காலியாகக் கட்டிய சவுக்கு மரங்களை மணலில் ஊன்றி, செயினில் என்ஜினைத் தூக்கி, அறுத்த இடத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. என்ஜின் உட்கார வேண்டிய அடிக்கட்டைகளைப் பார்த்துவிட்டு இறக்கலாம் என்று முத்துராமன் படகுக்குள் குதித்தான். அப்போதுதான் முக்காலியின் ஒரு கால் மணலில் இறங்க ஆரம்பித்தது.

சேவுகனும் பிரகதாம்பாளும் வந்து சேர்ந்தபோது ஆட்கள் ஆளுக்கொன்று கத்திக்கொண்டிருந்தார்கள். என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து லேசாக ஆடியது. உள்ளே இருப்பவன் வெளியே வர வேண்டுமானால் அதன் அடியில்தான் வர வேண்டும். ஆத்மநாதன் தட்டின் விளிம்பில் மண்டியிட்டு, "அசையாத மாப்ள, அசையாத" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கையால் தொடவும் பயமாக இருந்தது அவனுக்கு.

அறுபட்ட தட்டைச் சேவுகன் பார்க்கவே இல்லை. முக்காலியின் காலைப் பார்த்தான்.

"செயினைத் தொடாதீங்க. எவனும் தொடாதீங்க. அந்த ரெண்டு கனத்த கட்டையை இங்கிட்டுத் தூக்கு."

தச்சர்கள் ஓடினார்கள். என்ஜின் ஆட்களும் கூடவே ஓடினார்கள். யார் எந்தப் பிரிவு என்று அப்போது யாருக்கும் நினைவில்லை. அறுத்த வாயின் குறுக்கே, தொங்கும் என்ஜினுக்கு அடியில் கட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். சேவுகன் தட்டில் மல்லாந்து படுத்து, காலால் கடைசிக் கட்டையை உதைத்துப் பொருத்தினான்.

"முத்து."

உள்ளிருந்து பதில் வரக் கொஞ்ச நேரமானது. அண்ணன் வாயால் தன் பெயரைக் கேட்டு அத்தனை நாளாகியிருந்தது.

"சொல்லுண்ணே."

"பக்கப் பலகையோட ஒட்டி நில்லு. இப்ப எறக்கப் போறோம்."

செயின் கடகடவென்று ஓடியது. என்ஜின் கட்டைகள் மேல் உட்கார்ந்தது. மரம் ஒருமுறை முனகியது, அவ்வளவுதான். கட்டைக்கும் தட்டுக்கும் இடையில் இருந்த சந்தில் சேவுகன் கையை நீட்டினான். முத்துராமன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். அண்ணன் கையில் ஒட்டியிருந்த சோறு தம்பி கையில் ஒட்டியது.

யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் முத்துராமன் சொன்னது வேறு.

"அடிக்கட்டை பத்தாது. என்ஜின் ஒக்காராது."

"என்னடா சொல்ற?"

"அகலம் பத்தல. துளையும் சேரல. இது பழைய என்ஜினுக்குப் போட்டது."

"எனக்குக் குடுத்த அளவுக்குத்தான் நான் போட்டேன்."

"என்ஜின் மாறி மாசமாச்சுண்ணே. முந்தினது கெடைக்கல. புதுசுக்குப் படம் வந்துச்சே."

"எனக்கு வரல."

இருவரும் ஒரே நேரத்தில் ஆத்மநாதனைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். அதற்குள் கீழே மணலில் நின்ற பிரகதாம்பாள் பேசினாள்.

"படம் வந்துச்சு. நான்தான் படியெடுத்தேன். என்ஜின் படம்னு என்ஜின் அலமாரியில வச்சேன். தம்பி வந்து எடுத்துக்கிட்டுப் போச்சு. அண்ணன் அலமாரியில இருந்த அடிக்கட்டைப் படமும் நான் படியெடுத்ததுதான். ரெண்டும் வந்துபோனது இதே கையிலதான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராதுன்னு எனக்கே தோணல."

அவள் இதை மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"யாரும் தப்பா செய்யலண்ணே. அவுங்கவுங்க வேலையை எல்லாரும் சரியாத்தான் செஞ்சிருக்கோம்."

தப்பு செய்த ஒருவன் அகப்பட்டிருந்தால் அவனைத் திட்டிவிட்டு ஆறியிருக்கலாம்.

*

ஜீப் வந்து நின்றபோது என்ஜின் இன்னும் கட்டைகளின் மேல்தான் இருந்தது. அறந்தாங்கியிலிருந்து பெரியண்ணனும் அதே ஜீப்பில் வந்தார். வழியெல்லாம் மகன்களையும் மருமகனையும் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. படகைப் பார்த்ததும் அந்த முகம் மாறியது.

மீன்வளத்துறை என்ஜினீயர் நடுத்தர வயதுக்காரர். அதிகம் பேசாதவர். ஏணியில் ஏறி, அறுபட்ட தட்டைப் பார்த்தார். உள்ளே குனிந்து அடிக்கட்டையைப் பார்த்தார். இறங்கி வந்து கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல மரவேலை" என்றார். சேவுகன் தலை குனிந்தான்.

"என்ஜினையும் நல்லாத் தயார் பண்ணி வச்சிருக்காங்க." முத்துராமனும் குனிந்தான்.

"இந்தப் படகுக்கு யார் பொறுப்பு?"

"மரவேலைக்கு நானுங்க" என்றான் சேவுகன்.

"என்ஜினுக்கு நான்" என்றான் முத்துராமன்.

"படங்களுக்கு நான் சார்" என்றான் ஆத்மநாதன்.

"நான் பிரிவைக் கேட்கலை. படகைக் கேட்டேன்."

பெரியண்ணன் முன்னால் வந்தார். "மொதலாளி நான்தானுங்களே. நான்தான் பொறுப்பு."

"உங்களை எனக்குத் தெரியும் ஐயா. நீங்க மரியாதையான மனுஷர். ஆனா இந்தக் கட்டை மேல இந்த என்ஜின் உட்காராதுன்னு இன்னைக்குக் காலையில உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருக்க வேண்டிய ஆள் ஒருத்தர் வேணும். தச்சுல என்ன மாறுது, என்ஜின்ல என்ன மாறுதுன்னு ரெண்டையும் பார்க்கிற ஆள். இந்தப் படகு நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா, அதுல போனவன் திரும்பி வந்து யார் சட்டையைப் பிடிப்பான்?"

கோட்டைப்பட்டினத்துப் படகு புகைந்துகொண்டு வந்த காட்சி எல்லோர் கண் முன்னாலும் நின்றது. அன்றைக்கும் அந்தப் படகுக்காரர் முதலில் தச்சுக் கொட்டகைக்குப் போனார். பிறகு என்ஜின் கொட்டகைக்குப் போனார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

"அடுத்த வரிசைப் படகுகளை உங்களுக்கே தரலாம்னுதான் வந்தேன்" என்றார் என்ஜினீயர். "இன்னைக்கு ராத்திரி அறந்தாங்கி பங்களாவில தங்குறேன். காலையில வந்து ஒரு பேர் சொல்லுங்க. ஒரே ஒரு பேர். இல்லேன்னா வேற ஊர் பார்க்கிறதைத் தவிர எனக்கு வழியில்லை."

ஜீப் மீமிசல் ரோட்டில் ஏறி மறையும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

வெயில் இறங்கியது. ஆட்கள் போய்விட்டார்கள். தச்சுக் கொட்டகையில் அறுத்து அடுக்கிய பலகைகள் மேல் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். ராக்கன் போவதா இருப்பதா என்று தெரியாமல் வாசலில் நின்றவன், பெரியண்ணன் பார்த்த பார்வையில் கிளம்பிவிட்டான்.

பெரியண்ணன்தான் முதலில் பேசினார்.

"அறந்தாங்கியில நானும் ஏங்கூடப் பொறந்தவனும் ஒரே மரக்கடையில ஒக்காந்திருந்தோம். ஒரே கல்லா. ஒரே வாசல். எதை எடுத்தாலும் சண்டை. கடைசியில அவன் முகத்துல முழிக்காமலே போயிச் சேந்துட்டான். எம்பிள்ளைகளுக்கு அப்படி வரக்கூடாதுன்னுதான் ஆளுக்கொரு கதவு வச்சுக் கொட்டகை போட்டேன். தனித்தனியா இருந்தா சண்டை வராதுன்னு நெனச்சேன்." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "சண்டை வரல. பேச்சே வராமப் போச்சு."

மருமகனைப் பார்த்தார். "சொல்லுங்க மாப்பிள்ளை. அன்னிக்கு எனக்குக் காட்டினதை இவுங்களுக்கும் சொல்லுங்க."

ஆத்மநாதன் தாளை விரித்துச் சொன்னான். காலையில் மனைவியிடம் சொன்ன உற்சாகம் இப்போது குரலில் இல்லை. தொங்கிய என்ஜினைப் பார்த்த பிறகு அவனுக்கும் வார்த்தைகள் கொஞ்சம் குறைந்திருந்தன. தச்சுப் பிரிவு, என்ஜின் பிரிவு என்று தனியாக இனி இருக்காது. முன்பகுதி, பின்பகுதி. ஒவ்வொன்றிலும் எல்லா வேலைக்காரர்களும். ஒவ்வொன்றுக்கும் ஒரே படம்.

சேவுகன் பொறுமையாகக் கேட்டான்.

"தச்சுக் கொட்டகை போயிடுது. என்ஜின் கொட்டகை போயிடுது. சரி. மேட்டுல இருக்கே ஓட்டுக் கட்டடம், அது?"

"அது படம் வரையுற ஆபீஸ் மச்சான். அது இருக்கும்."

"அதுவும் ஒரு பிரிவுதானே மாப்ள?"

"படம் வரையுற துணிக்கு ஈரக்காத்து ஆகாது. இங்க மரத்தூள் வேற. மை ஊறிடும்."

முத்துராமன் சிரித்துவிட்டான். "எங்க கதவையெல்லாம் கழட்டிட்டு அத்தான் மட்டும் கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்குவாரு."

"ஆமாடா" என்றான் சேவுகன். அவனும் சிரித்தான்.

அண்ணனும் தம்பியும் நெடுநாளுக்குப் பிறகு ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஆத்மநாதனுக்குக் காது சூடேறியது. எதிரே மனைவி அவனைப் பார்க்காமல் மடியில் விழுந்த மரச்சீவலை எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று அலமாரிகளையும் செய்து வைத்தவன் தான்தான் என்பதை அவளே மதியம் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய இடத்தில் பார்த்த ஒழுங்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்து, பிறகு அதைப் பிழை என்று மற்றவர்களிடம் போய்ச் சொன்னவன் அவன்.

"மேஜையை இங்க கொண்டாந்துடுறேன்" என்றான். சொல்லி முடிக்க நேரமானது. "ஒரு தட்டி மட்டும் கட்டிக் குடுங்க மச்சான். தூள் விழாம."

"கட்டித் தாரேன்."

"அப்ப ஆளைச் சொல்லிடலாமா?" ஆத்மநாதன் தாளில் விரலை வைத்தான். "முன்பகுதி மச்சான் பாக்கட்டும். முழுக்க மரவேலைதான். என்ஜின் அறை இருக்குற பின்பகுதி முத்துராமனுக்கு."

"இல்ல" என்றான் சேவுகன். "பின்பகுதி எனக்கு."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஒனக்கு என்ஜின் தெரியாதேண்ணே" என்றான் முத்துராமன்.

"தெரியாதுதான். நீ முன்பகுதியை எடுத்துக்க."

"எனக்கு மரம் தெரியாது."

"அதுக்குத்தான் சொல்றேன். தெரிஞ்ச பக்கத்தையே ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டா, பேரு மாறுமே தவிர நாம மாற மாட்டோம். நீ அங்கிட்டு, நான் இங்கிட்டுன்னு மறுபடியும் ஒக்காந்துருவோம். எனக்கு என்ஜின் தெரியாதுன்னா ஒன்னைக் கேட்டுத்தான் ஆகணும். நீ சொல்லித்தான் ஆகணும்."

ஆத்மநாதன் குறுக்கிட்டான். "மச்சான், இதை எந்தக் கப்பல் தளத்துலயும் இப்படிச் செய்ய மாட்டாங்க. வேலை மெதுவாகும். ஆரம்பத்துல தப்பு வரும்."

"வரட்டும். வந்தா ரெண்டு பேருக்கும் தெரியும்ல. இன்னிக்கு வந்த தப்பு மாசமாச்சு, ஒருத்தனுக்கும் தெரியல."

ஆத்மநாதன் மாமனாரைப் பார்த்தான். பெரியண்ணன் இளைய மகனைப் பார்த்தார்.

முத்துராமன் எழுந்தான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். படகைச் சுற்றி ஒருமுறை போனான். அணியத்தின் கீழே நின்று, கடலைப் பார்த்து வளைந்து எழும்பிய கட்டையைக் கீழிருந்து மேலாகக் கையால் தடவினான். இத்தனை படகுகள் இந்தக் கரையில் உருவாகியும் அவன் அந்தப் பக்கம் வந்து நின்றதில்லை. அவனுக்கு அங்கே வேலை இருந்ததில்லை.

கொட்டகையில் நால்வரும் அவனையே பார்த்தார்கள். முத்துராமன் வீட்டுப் பக்கம் திரும்பினால் எல்லாம் முடிந்தது என்று பிரகதாம்பாளுக்குத் தோன்றியது.

"அண்ணே" என்றான் அவன், திரும்பாமலே. "இந்த வளஞ்ச கட்டை இருக்குல்ல. இதுக்கு என்ன மரம் போடுற?"

சேவுகன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்.

"வாகை. வளஞ்சே வளந்த மரமாப் பாத்து எடுக்கணும். நேரா இருக்குறதை வளச்சுப் போட்டா கடல்ல வாய் பொளந்துடும்."

"அதை எங்க போயிப் பாக்குறது?"

"வார வாரம் ஆவுடையார்கோயில் பக்கம் போவேன். நீயும் வா." சேவுகன் எழுந்து வெளியே வந்தான். "அந்த என்ஜின் ஓடுறப்ப ஆடுமே, அது எந்தப் பக்கமாடா ஆடும்? மேலயும் கீழயுமா, பக்கத்துலயா?"

முத்துராமன் திரும்பி வந்தான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, என்ஜின் எப்படி உதறும் என்று காட்டினான். சேவுகன் அவன் கைகளையே பார்த்தான். நடுவில் ஏதோ கேட்டான். அவன் மறுபடியும் காட்டினான்.

ஆத்மநாதன் மெல்ல தாளைச் சுருட்ட ஆரம்பித்தான். பிரகதாம்பாள் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினாள். பெரியண்ணன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு பகுதிக்கும் ஆள் சொல்லியாச்சு" என்றார். "என்ஜினீயர் கேட்டது அது இல்லையே. படகுக்கு ஒரு பேரு கேட்டாரு."

"நாங்களே யோசிச்சு ராத்திரிக்குள்ள சொல்றோம் மாமா" என்றான் ஆத்மநாதன். அந்தப் பெயர் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவன் மனசு எப்போதோ முடிவு செய்திருந்தது.

"யோசிக்க வேண்டாம் மாப்பிள்ளை. நான் யோசிச்சுட்டேன்."

அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். படகருகே நின்ற மகன்களைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"ஆத்தா, காலையில மொத பஸ்ஸுக்கு நீயும் கெளம்பி இரு."

"நானாப்பா? எங்கிட்டு?"

"அறந்தாங்கிக்கு. பங்களாவுக்கு."

"நான் எதுக்குப்பா அங்க?"

"பேரைச் சொன்னா ஆளையும் காட்டணும்ல" என்றார் பெரியண்ணன். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டியவர் போல நடந்தார். ஆத்மநாதனின் கையில் பாதி சுருட்டிய தாள் அப்படியே நின்றது.